கோரையும் கிழங்கும்

கோரை விழுந்த நிலத்தில் களை எடுத்தவர்களுக்கு ஒரு கணக்கு தெரியும். மண்வெட்டியால் செதுக்கினால் பச்சை மறையும். மூன்றாம் நாள் ஊசி ஊசியாய்த் தலை நீட்டும். கையால் பிடுங்கினால் கொஞ்ச நாள் தாங்கும். ஆனால் 'வெடுக்'கென்று கையோடு வந்தது தண்டுதான், கிழங்கு மண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். கிழங்கைத் தோண்டி எடுத்தால்தான் தொல்லை தீரும். அதற்கு நிலத்தையே புரட்ட வேண்டும்.

உடம்பில் வேண்டாத முடியை அகற்ற மனிதர்கள் கண்டுபிடித்த வழிகள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். ரேசரும் க்ரீமும் செதுக்குகிற வேலை. வேக்ஸிங், த்ரெட்டிங், ட்வீசர், எபிலேட்டர் எல்லாம் பிடுங்குகிற வேலை. மின்னூசியும் லேசரும் கிழங்கைத் தேடிப் போகின்றன. விளம்பரங்கள் ஆயிரம் சொல்லட்டும். நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான். இது தோலுக்குக் கீழே எவ்வளவு தூரம் போகிறது? எத்தனை நாள் தாங்கும், எவ்வளவு வலிக்கும், தவறினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அந்த ஆழத்தைப் பொறுத்தே அமைகின்றன.

மயிர்க்காலுக்குள் ஒரு பார்வை

கையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. சில முடிகளின் அடியில் உலர்ந்த, சின்ன வெள்ளைக் குமிழ் இருக்கும். வேறு சிலவற்றின் அடி கறுத்து, மெத்தென்று, ஈரமான கண்ணாடி உறை போட்டதுபோல் இருக்கும். இரண்டையும் பார்த்து "வேரோடு வந்துவிட்டது" என்போம். வரவில்லை. முடியை உருவாக்கும் பட்டறை தோலுக்குள்ளேயே இருக்கிறது.

அந்தப் பட்டறைக்குப் பெயர் மயிர்க்கால். தோலுக்குள் சாய்வாக இறங்கும் நீண்ட பை அது. இடத்தைப் பொறுத்து ஒன்றிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் வரை ஆழம் போகும். அடியில் ரத்தக் குழாய்கள் வந்து சேரும் ஒரு மொட்டு. அதைச் சுற்றி வேகமாகப் பெருகும் செல்கள். அந்தச் செல்கள் மேலே தள்ளப்படும்போது கெரட்டின் என்ற புரதத்தால் நிரம்பி இறந்து இறுகுகின்றன. தோலுக்கு வெளியே நாம் பார்க்கும் முடிக்கு உயிரில்லை. உடம்பு முழுவதும் இப்படி ஏறத்தாழ 50 லட்சம் மயிர்க்கால்கள். தலையில் மட்டும் சுமார் ஒரு லட்சம். அத்தனையும் தாயின் கருவிலேயே அமைந்துவிடுகின்றன. பிறந்த பிறகு புதிதாக முளைப்பதில்லை. பருவ வயதில் 'புதிதாக' வரும் மீசை, ஏற்கனவே பூனைமுடி வளர்த்துக்கொண்டிருந்த அதே மயிர்க்கால், ஹார்மோன் சொல்கேட்டுத் தடித்த முடி வளர்க்கத் தொடங்குவதுதான்.

மயிர்க்கால்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதும் இல்லை. வளர்வது, ஒடுங்குவது, ஓய்வது என்று மூன்று பருவங்கள். தலையில் வளரும் பருவம் 2 முதல் 6 ஆண்டுகள் நீடிக்கும். புருவத்திலும் கை கால்களிலும் சில மாதங்கள்தான். கைமுடி ஏன் கூந்தலாக நீளவில்லை என்பதற்கு விடை இதில் இருக்கிறது. மேலே பார்த்த உலர்ந்த வெள்ளைக் குமிழ், ஓய்வுப் பருவத்து முடி. கறுத்த ஈர அடி, வளரும் பருவத்து முடி. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். லேசர் பக்கம் போகும்போது தேவைப்படும்.

சரி, கிழங்கு எங்கே? அடி மொட்டுதான் என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். 1960களில் ஆலிவர் என்ற ஆய்வாளர் எலியின் மீசை மயிர்க்கால்களை எடுத்துக்கொண்டு, அடிப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி நீக்கிப் பார்த்தார். மீசை மறுபடி முளைத்தது. அதற்கும் மேலே வெட்டியபோது முளைக்கவில்லை. ஏன் என்பதற்கு 1990இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கொட்சாரெலிஸ், சன், லாவ்கர் ஆகியோர் ஒரு விளக்கம் தந்தார்கள். மயிர்க்காலின் நடுவே, ரோமத்தைச் சிலிர்க்க வைக்கும் சிறு தசை ஒட்டும் இடத்தில், ஒரு புடைப்பு உண்டு. மெதுவாகப் பெருகும் தண்டுச் செல்களின் இருப்பு அங்கேதான். முடியை ஒரேயடியாக ஒழிக்க வேண்டுமானால் அடி மொட்டு, நடுப் புடைப்பு இரண்டையும் கெடுத்தாக வேண்டும்.

செதுக்குவது: ரேசர்

"ஷேவ் பண்ணாதடி, முள்ளு முள்ளா வளரும்" என்று சொல்லாத அத்தை நம் ஊரில் உண்டா? அதே அத்தைதான் பேரனுக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுவிட்டு, "அடுத்த தடவை நல்லா அடர்த்தியா வரும்" என்று மகிழ்வார். ஒரே நம்பிக்கை, ஒரு பக்கம் பயம், மறுபக்கம் ஆசை.

செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் ஆய்வாளராக இருந்த மில்ட்ரெட் ட்ராட்டர் 1928இல் இதை அளந்தே பார்த்தார். ஆண்கள் சிலரைத் தொடர்ந்து சவரம் செய்யவைத்து, முடியின் தடிப்பையும் வளரும் வேகத்தையும் கணக்கெடுத்தார். மாற்றம் இல்லை. 1970இல் இன்னொரு சோதனை: இளைஞர்கள் ஐந்து பேர், மாதக்கணக்கில் வாரம் ஒருமுறை ஒரு காலை மட்டும் மழித்தார்கள், மறுகாலைத் தொடவில்லை. கடைசியில் இரு கால்களுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

பின்னே ஏன் முள்ளாகக் குத்துகிறது? இயல்பாக வளர்ந்த முடியின் நுனி, வேல்போல் கூர்ந்து மெலிந்திருக்கும். ரேசர் அதை நடுத்தண்டில், இருப்பதிலேயே தடித்த இடத்தில் நறுக்குகிறது. வெளிவருவது கரும்புக் கட்டை போன்ற தட்டை முனை. குட்டையாக இருப்பதால் வளையாது. வெயில்படாததால் கருமையாகத் தெரியும். தடித்தது முடியல்ல, நம் விரலுக்குப் படும் முனைதான். குழந்தையின் மொட்டைக்குப் பிறகு முடி அடர்த்தியாவது உண்மை. ஆனால் அந்த வயதில் மெல்லிய பிறப்பு முடி போய் வலுவான முடி வருவது எப்படியும் நடக்கும். பச்சைக் குழந்தையின் முதுகில் மாவு உருட்டிப் பாட்டி எடுக்கும் பூனைமுடியும் அப்படித்தான். சில வாரங்களில் தானாக உதிரப்போவதற்கு மாவு பேர் வாங்கிக்கொள்கிறது.

ரேசரின் குறை வேறிடத்தில் இருக்கிறது. முடியைவிட ஏறத்தாழ 50 மடங்கு கடினமான எஃகு, முடியை வெட்டியே மழுங்குகிறது. எப்படி என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். முடி வளைந்து ஒரு கோணத்தில் விளிம்பில் மோதும்போது, எஃகின் நுண்கட்டமைப்பு சீராக இல்லாத இடங்களில் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. பெயர்ந்த விளிம்பு வெட்டாது, இழுக்கும். மழுங்கிய ரேசர் எரிவதற்குக் காரணம் அதுதான். தண்ணீரில் ஊறிய முடி மென்மையாகிவிடுவதால் குளித்த பிறகு சவரம் செய்வது நல்லது. சலூன்காரர் கடைசியில் தேய்க்கும் படிகாரக்கல், புரதத்தை உறையவைத்து நுண்காயங்களின் ரத்தத்தை நிறுத்துகிறது, வெறும் சடங்கல்ல.

அந்த நுண்காயங்களைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். கிருமி நுழைய அவை போதும். அறுவை சிகிச்சைக்கு முன் ரேசரால் மழிக்கவே கூடாது, அவசியமானால் கிளிப்பரால் கத்தரித்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் வழிகாட்டியது இதனால்தான். சுருண்ட முடி உள்ளவர்களுக்கு இன்னொரு தொல்லை: வெட்டப்பட்ட முடி வளைந்து தோலுக்குள்ளேயே திரும்பக் குத்திப் பருவாகும். ஒட்ட மழிக்க மழிக்க அது கூடும்.

கரைப்பது: க்ரீம்

துருக்கியக் குளியல் கூடங்களில் 'ருஸ்மா' என்றொரு பசை பூசுவார்கள். சுட்ட சுண்ணாம்பும் அரிதாரமும் சேர்ந்தது. அரிதாரம் என்பது ஆர்செனிக்கும் கந்தகமும் கலந்த மஞ்சள் கனிமம். முடி கரையும், நேரம் தப்பினால் தோலும் கரையும்.

இன்றைய க்ரீமின் வேதியியல் அதன் பேரப்பிள்ளை. கெரட்டின் இழைகளை ஒன்றோடொன்று கட்டி வைத்திருப்பவை கந்தகப் பாலங்கள். கால்சியம் தயோகிளைகோலேட் அந்தப் பாலங்களை உடைக்கிறது; கூடவே இருக்கும் காரம் (பி.எச். 12ஐ ஒட்டியது) முடியை ஊதவைத்து வேலையை விரைவாக்குகிறது. சில நிமிடங்களில் முடி கூழாகிவிடும், துடைத்துவிடலாம். அழகு நிலையங்களில் முடியைச் சுருட்டப் பயன்படும் திரவத்திலும் இதே குடும்பத்து வேதிப்பொருள்தான். அங்கே காரம் குறைவு, பாலங்கள் உடைந்து மறுபடி சேர்கின்றன. நம் கடைகளில் கிடைத்த பழைய முடி நீக்கும் பொடிகளில் பேரியம் சல்பைடு இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. வாய்க்குள் போனால் அது கடும் விஷம்.

தோலின் மேற்படலமும் கெரட்டினால் ஆனதுதான். முடியில் கந்தகப் பாலங்கள் அதிகம் என்பதால் முடி முதலில் விழுகிறது. தோலுக்குக் கிடைக்கும் அவகாசம் சில நிமிடங்கள். அட்டையில் எழுதிய நேரத்தைத் தாண்டக் கூடாது என்பதன் பொருள் இவ்வளவுதான். முழங்கைக்கு அருகே துளி பூசி ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மேலே போவது புத்திசாலித்தனம். க்ரீம் தோல்மட்டத்துக்குச் சற்றே கீழ்வரை கரைப்பதால், ரேசரைவிட ஓரிரு நாள் கூடுதலாகத் தாங்கும்.

பிடுங்குவது: மெழுகு, நூல், சர்க்கரை

எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் காய்ச்சிய பாகு மேற்கு ஆசியப் பெண்களின் பழைய கருவி. முறுக்கிய நூலால் புருவம் திருத்துவது ஈரானிலும் இந்தியாவிலும் நெடுங்காலமாக உண்டு. அழகு நிலைய நாற்காலியில் பார்த்தால் அது ஒரு சின்ன எந்திரம்: நூலின் ஒரு முனை பல்லில், மற்றவை இரு கை விரல்களில், நடுவே நான்கைந்து முறுக்கு. விரல் விரியும்போது முறுக்கு ஓடுகிறது. ஓடும் வழியில் அகப்பட்ட முடியைச் சுருட்டிப் பிடுங்குகிறது. வேதிப்பொருள் இல்லை, சூடு இல்லை. முகத்தோலுக்கு மெழுகைவிட நூல் பாதுகாப்பு.

மெழுகு முடியோடு தோலின் இறந்த மேலடுக்கையும் உரித்தெடுக்கும். முகப்பருவுக்கு ரெட்டினாய்டு க்ரீம் பூசுகிறவர்களும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுப்பவர்களும் மெழுகுப் பக்கமே போகக் கூடாது. அவர்கள் தோல் மெலிந்திருக்கும், உரிந்து புண்ணாகிவிடும்.

பிடுங்கினால் மூன்று முதல் ஆறு வாரம் தாங்கும் என்பார்கள். மயிர்க்கால் மறுபடி முடி செய்து மேலே அனுப்ப அவ்வளவு நாள் ஆகும். ஆனால் பத்து நாளிலேயே சில முடி தலைகாட்டுகிறதே? அவை மறுபடி வளர்ந்தவை அல்ல. மெழுகு போட்ட அன்று தோலுக்கு அடியில் இருந்து, இப்போது முறை வந்து வெளிவருபவை. பார்லர் பெண்ணைக் குறை சொல்ல வேண்டாம்.

கிழங்கைத் தேடி: ஊசி, கதிர், விஷம்

நிரந்தரத் தீர்வின் கதை அழகு நிலையத்தில் தொடங்கவில்லை. கண்ணைக் குத்தும் இமைமுடியில் தொடங்கியது. செயின்ட் லூயிஸ் நகரத்துக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல், உள்நோக்கி வளரும் இமைமுடியைப் போக்க, மெல்லிய ஊசியை மயிர்க்காலுக்குள் இறக்கி மின்கலத்தோடு இணைத்தார். 1875இல் அதைப் பற்றி எழுதினார். மயிர்க்காலில் இருக்கும் உப்பு நீரை நேர் மின்னோட்டம் பிரிக்கும்போது ஊசிமுனையில் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா, துளியளவு உருவாகிறது. மயிர்க்கால் உள்ளிருந்தே வெந்துவிடும். 1920களில் பிரான்ஸில் உயர் அதிர்வெண் மின்சாரத்தின் சூட்டைக் கொண்டு இதை விரைவாக்கினார்கள். முடியின் நிறமோ தோலின் நிறமோ இந்த முறைக்குப் பொருட்டல்ல. ஆனால் ஒவ்வொரு முடிக்கும் ஒரு குத்து. மேலுதட்டுக்குச் சரி, கால் முழுக்க என்றால் மாதங்கள், வருடங்கள்.

அந்தப் பொறுமை இல்லாதவர்கள் குறுக்குவழி தேடினார்கள். எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்பட்டது 1895இல். மறு ஆண்டே வியன்னாவில் லியோபோல்ட் ஃப்ராய்ண்ட் ஐந்து வயதுச் சிறுமியின் முதுகில் இருந்த ரோம மச்சத்தின் மீது அதைப் பாய்ச்சினார். முடி கொட்டியது, தோல் ஆழமாகப் புண்ணானது. பாடம் யாருக்கும் ஏறவில்லை. 1920களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 'ட்ரைக்கோ' என்ற எக்ஸ்-கதிர் பெட்டியின் முன் பெண்கள் முகத்தை நீட்டி உட்கார்ந்தார்கள். வலியில்லை, தடிப்பில்லை, முடியும் போனது. சில ஆண்டுகள் கழித்துத் தோல் சுருங்கிப் புள்ளி விழுந்தது. பலருக்குப் புற்றுநோய் வந்தது.

1930களின் தொடக்கத்தில் வந்த 'கோரெம்லு' க்ரீமில் தாலியம் அசிடேட் இருந்தது. தாலியம் எலி விஷம். முடி உதிரத்தான் செய்தது, பூசிய இடத்தில் மட்டுமல்ல. நரம்புகள் தளர்ந்தன, சிலருக்குப் பார்வை மங்கியது. 1938இல் அமெரிக்கா அழகுசாதனப் பொருள்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் கொண்டுவந்தபோது, முன்னால் வைக்கப்பட்ட சான்றுகளில் இந்த க்ரீமும் ஒன்று.

லேசரும் நம் தோலின் நிறமும்

1983இல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் இருவரும் ஒரு கருத்தை வெளியிட்டார்கள். தோலுக்குள் எந்தப் பொருளைச் சுட வேண்டுமோ, அது மட்டும் விழுங்கும் அலைநீளத்தில், அது சூட்டை அக்கம்பக்கத்துக்குக் கடத்துமுன் முடிந்துவிடும் அளவு குறுகிய துடிப்பாக ஒளியைப் பாய்ச்சினால், சுற்றுப்புறம் தப்பிக்கும். முடியில் இலக்கு மெலனின். கறுப்புச் சட்டை வெயிலில் சுடுவதுபோல் முடித்தண்டு நொடியின் சிறு பங்கில் சூடேறி, அந்தச் சூடு மொட்டையும் புடைப்பையும் கெடுக்கிறது. வளரும் பருவத்தில் முடி அடி மொட்டோடு ஒட்டியிருக்கும்போதுதான் இது முழுதாகப் பலிக்கும். ஓய்வில் இருக்கும் மயிர்க்கால்கள் தப்பிவிடும். அதனால்தான் நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் ஆறு, எட்டு முறை போக வேண்டியிருக்கிறது. போவதற்கு முன் சில வாரங்கள் மெழுகு கூடாது, மழிக்கலாம் என்பதும் இதனால்தான். சூட்டை உள்ளே கொண்டுசெல்ல முடித்தண்டு அங்கே இருக்க வேண்டும். நரைமுடியில் மெலனின் இல்லை. லேசருக்கு அது கண்ணில் படாது.

சிக்கல், மெலனின் முடியில் மட்டுமில்லை, நம் தோலின் மேலடுக்கிலும் நிறைய இருக்கிறது. 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் லேசர் வெளிர் தோலுக்கு நன்றாக வேலை செய்யும். கருந்தோலில் மேலடுக்கே அதை விழுங்கிச் சுட்டுக்கொள்ளும். கொப்புளம், பிறகு மாதக்கணக்கில் கறுப்புத் தழும்பு. 1064 நானோமீட்டர் என்.டி.யாக் லேசரை மெலனின் குறைவாகவே விழுங்குகிறது. அது மேலடுக்கைக் கடந்து ஆழமாக இறங்கும். நம்மைப் போன்ற தோலுக்கு அதுவே பாதுகாப்பு. விலையாக, மெல்லிய முடியில் அதன் வேலை மந்தம். வீட்டில் பயன்படுத்தும் ஐ.பி.எல். (தீவிரத் துடிப்பொளி) கருவிகள் மிகக் கருந்தோலுக்கு ஏற்றவை அல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிலருக்கு, குறிப்பாகத் தெற்காசிய, மேற்கு ஆசியப் பெண்களுக்கு, முகத்திலும் கழுத்திலும் லேசருக்குப் பிறகு முடி கூடுவதுண்டு. அரைகுறைச் சூடு உறங்கும் மயிர்க்கால்களைத் தட்டி எழுப்பிவிடுவதாகக் கருதுகிறார்கள். தாடையோரப் பூனைமுடிக்கு லேசர் கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். 'நிரந்தரம்' என்ற சொல்லிலும் ஒரு வித்தியாசம் உண்டு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் லேசருக்கு அனுமதிக்கும் சொல் 'நிரந்தரக் குறைப்பு'. 'நீக்கம்' என்று சொல்லிக்கொள்ளும் தகுதி மின்னூசிக்கே.

மருந்தும் மஞ்சளும்

முகமுடி வளர்ச்சியைத் தணிக்கும் எஃப்லோர்னித்தின் என்ற க்ரீம் 2000இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முடி செல்கள் பெருகத் தேவையான ஒரு நொதியை அது தடுக்கிறது. நிறுத்தினால் சுமார் எட்டு வாரத்தில் பழைய நிலை. இதே மருந்து ஆப்பிரிக்காவின் உறக்க நோயிலிருந்து உயிர் காப்பது. லாபமில்லை என்று 1990களில் அதன் உற்பத்தி நின்றுபோயிருந்தது. மேலுதட்டு முடிக்குச் சந்தை பிறந்த பிறகு, 2001இல் உலக சுகாதார நிறுவனத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டால் நோயாளிகளுக்கும் அது மறுபடி கிடைத்தது.

நம் வீடுகளில் கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு இவற்றோடு அரைத்துப் பூசும் மூன்றாவது பொருள் என்ன தெரியுமா? கோரைக்கிழங்கு. அதன் எண்ணெயை அக்குளில் பூசியபோது முடி வளர்ச்சி குறைந்ததாக எகிப்தில் ஒரு சிறிய ஆய்வு சொன்னது. அது வடித்த எண்ணெய்; வீட்டுப் பொடிக்கு அந்தச் சான்று போதாது. பொடியால் கெடுதலும் பெரிதாக இல்லை, தோலை அழுத்தித் தேய்க்காத வரை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

அவசரத்துக்கும் பெரிய பரப்புக்கும் ரேசர். புதிய பிளேடு, ஈர முடி, முடி படிந்த திசையில் இழுப்பு. வலி பொறுப்பவர்களுக்கு, மாதம் ஒருமுறை போதும் என்பவர்களுக்கு மெழுகு. புருவத்துக்கு நூல். தடித்த கருமுடி, அகன்ற பரப்பு என்றால் லேசர். நரைத்த, எண்ணிக்கையில் குறைந்த முடிக்கு மின்னூசி. லேசருக்குப் பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை நானோமீட்டர், கருவியை இயக்குபவர் யார், சிறு இடத்தில் சோதித்துப் பார்ப்பீர்களா? பதில் வராத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. தாடை, மார்பு, அடிவயிற்றில் தடித்த முடி வளர்ந்து, மாதவிடாயும் தவறினால் முதலில் போக வேண்டிய இடம் பார்லர் அல்ல, மருத்துவர். பெரும்பாலும் அது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை; அதற்கு மருத்துவம் உண்டு. சில மாதங்களிலேயே முடி வேகமாகப் பெருகி, குரலும் தடித்தால் தாமதிக்கவே வேண்டாம். அரிதாக ஹார்மோன் சுரக்கும் கட்டி காரணமாக இருக்கலாம். இவை எதுவும் இல்லை, கைகால் முடி கண்ணுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்றால், எடுப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். உடல்நலத்துக்கு அது தேவையில்லை.